குளக்கரைக் குடியிருப்பும் பொதுவெளியும்: மாத்தளை மாவட்டத்து நீர்க்கரைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நதிக்கரைகளிலே நாகரிகங்கள் பிறந்தன என்பது பாடசாலைப் பருவந்தொட்டே நமக்குப் பழகிப்போன கூற்று. ஆயின், இலங்கையின் உலர்வலயத்தைப் பொறுத்தவரை இதனைச் சற்றே திருத்திக் கூறுதல் வேண்டும். இங்கு மக்கள் கரையைத் தேடிச் சென்று குடியேறியதிலும் பார்க்க, கரையைத் தாமே ஆக்கிக்கொண்டு குடியேறியமையே பெரிது. வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மழையைச் சரிவின் குறுக்கே மண்ணணை எழுப்பி மறித்து, அவ்வணையின் அருகே வீடும் அதன் கீழே வயலும் அமைத்து வாழ்ந்த மக்கள், நீர்க்கரை என்பதையே ஒரு கட்டடக்கலைப் பொருளாக ஆக்கினர் எனலாம். கரை இயற்கையின் கொடையாக இருக்குமிடத்து, அதில் எவர் எங்கே வீடு கட்டலாம் என்னும் வினா மெதுவாகவே எழும். கரை மனிதரின் கூட்டுழைப்பால் ஆக்கப்பட்டதாயின், அவ்வினா முதல் நாளிலேயே எழுந்து விடும்.

அவ்வினாவே இக்கட்டுரையின் பொருள். நீரருகே ஒரு குடியிருப்பை வகுக்கும்போது, வீட்டு வாசலுக்கும் நீர் விளிம்புக்கும் இடைப்பட்ட நிலம் யாருக்குரியது? நகரமைப்பாளர் இன்று இதனைப் பொதுவெளி என்றும், நிலைபேறான அபிவிருத்தி என்றும் புதிய பெயர்களால் சுட்டுகின்றனர். பெயர் புதிதாயினும் சிக்கல் பழையது. மாத்தளை மாவட்டம் இதனை ஆராய்வதற்குப் பெரிதும் ஏற்ற களம். தெற்கே மலைநாட்டின் ஈரலிப்பும், வடக்கே தம்புள்ளை, கலேவெலை, சிகிரியா முதலிய பகுதிகளில் உலர்வலயத்தின் வரட்சியும் ஒரே மாவட்டத்தின் எல்லைக்குள் அடங்கியுள்ளன. சிற்றூர்க் குளம், அரசனின் நீர்ப்பூங்கா, தோட்டத்துப் பீலி, மகாவலி நீர்த்தேக்கம், உல்லாச விடுதி என நீர்க்கரையின் வடிவங்கள் பலவற்றையும் இங்கு ஒருநாட் பயணத்திலே கண்டுவிடலாம்.

தம்புள்ளைக்கு அண்மையிலுள்ள இப்பன்கட்டுவை ஈமக்காடு இவ்வரலாற்றின் தொன்மையைக் காட்டும். கற்பலகைகளை நாட்டி அறைபோலாக்கி, அதனுள் தாழிகளையும் மணிகளையும் இட்டுப் புதைத்த இவ்விடம் 1980களில் அகழாய்வு செய்யப்பட்டது. கி.மு. முதலாயிரவாண்டின் நடுப்பகுதிக்கு இது உரியது என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. தென்னிந்தியப் பெருங்கற்காலப் பண்பாட்டோடு இதற்குள்ள உறவு, தமிழ் மாணவர்க்குத் தனியே எடுத்துக்கூற வேண்டியதொன்றன்று. ஈண்டு மனங்கொள்ளத்தக்கது அதன் இடவமைதியே. தம்புள்ளை ஓயாவின் அருகே, நீர் எட்டும் தொலைவில், வாழ்ந்தோரும் மாண்டோரும் ஒரே நிலப்பரப்பைப் பகிர்ந்துகொண்டனர்.

வரலாற்றுக் காலத்துக் குளக்கிராமம் இதனினும் நுணுக்கமான அமைப்புடையது. நமது நூல்களிலே பராக்கிரம சமுத்திரம், கலாவாவி போன்ற பெருங்குளங்கள் பெற்ற இடத்தைச் சிற்றூர்க் குளங்கள் பெறவில்லை. மன்னரின் பெயர் அவற்றோடு ஒட்டவில்லை என்பதே காரணம் போலும். ஆயின் உலர்வலய மக்களுள் மிகப் பெரும்பாலோரின் வாழ்வு இச்சிறு குளங்களையே நம்பியிருந்தது. ஒரு சிறு பள்ளத்தாக்கில் மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாய் அமைந்து, மேற்குளத்து வயலின் கழிவுநீரைக் கீழ்க்குளம் ஏற்றுக்கொள்ளும் இத்தொடரைச் சிங்கள மக்கள் எல்லங்காவ என்பர். பேராதனைப் பல்கலைக்கழகத்துப் புவியியலாளர் மத்தும பண்டார 1985இல் இதனை ஒரு தனி முறைமையாக விளக்கியதன் பின்னரே ஆய்வுலகம் அதன்பாற் கருத்தூன்றியது. 2017இல் உலக உணவு விவசாய நிறுவனம் இலங்கை உலர்வலயத்துக் குளத்தொடர்க் கிராம முறைமையை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றது.

இக்கிராமத்தின் நிலப்பகுப்பைச் சற்று நின்று நோக்குதல் பயனுடைத்து. நீர் வந்து சேரும் மேற்பக்கத்தில், குளத்தின் அலைகரையை அடுத்து, கஸ்கொம்மன எனப்படும் மரச்செறிவு இருக்கும். காற்றின் வேகத்தைத் தணித்து, நீர் ஆவியாதலைக் குறைப்பதோடு வனவிலங்குக்கு ஒதுக்கிடமாகவும் அஃது அமைந்தது. அதனையடுத்துப் பெரகன என்னும் புற்றரை. வடிகட்டி என்பதே அச்சொல்லின் பொருள். மழைநீர் கொணரும் மண்ணைப் புல் தடுத்து நிறுத்தத் தெளிந்த நீர் குளத்தைச் சேரும். இதற்கும் மேலே, மண்டியைத் தேக்குவதற்கென்றே குளுவெவ என்னும் சிறு குளமொன்று கட்டப்படுவதுமுண்டு. அதன் நீர் வயலுக்குப் பாய்வதில்லை. மாடும் காட்டு விலங்கும் அருந்துவதற்கே அது விடப்பட்டது. அணைக்குக் கீழே, அணைக்கும் வயலுக்கும் இடையில், கட்டக்கடுவ என்னும் மரங்கள் அடர்ந்த ஈரநிலம். அணையினூடு கசியும் நீரிலுள்ள உவர்த்தன்மை வயலை அடையாமல் அங்கே ஏற்கப்பட்டது. பாய் பின்னும் புல்லும் மூலிகையும் அங்கிருந்தே எடுக்கப்பட்டன.

இவற்றுக்கிடையே வீடுகள் எங்கே இருந்தன? இதுவே நாம் கேட்கவேண்டிய கேள்வி. கங்கொட எனப்படும் குடிமனைத் தொகுதி பெரும்பாலும் அணையின் கீழ்ப்புறத்தே, ஒரு பக்கமாகச் சற்று மேடான நிலத்தில் அமைந்தது. குளத்தின் மேற்புறத்தே, நீரின் அழகு கண்ணுக்கு நேரே விரியும் இடத்தில், எவரும் வீடு கட்டவில்லை. கட்டியிருப்பின் வீட்டின் கழிவு யாவும் குளத்தைச் சேர்ந்திருக்கும். குடிநீரையும் குளத்திலே நேரடியாக அள்ளாது, மண்ணினூடு வடிந்து கிணற்றில் ஊறிய நீரையே எடுத்தனர். குடிமனைகளைச் சுற்றி திஸ்பம்பே என்றொரு வளையநிலம் விடப்பட்டது. எவருக்கும் தனியுரிமையற்ற அந்நிலத்தில் இலுப்பையும் புளியும் நிழல் தர, எருமைகள் கட்டப்பட்டன. ஊரின் பொதுவெளி அதுவே.

இன்னொன்றுங் கூறவேண்டும். குளத்தின் விளிம்பு ஒரு கோடன்று. ஆண்டுதோறும் முன்னும் பின்னும் நகரும் ஒரு பட்டி. தை மாதத்தில் நீர் நின்ற இடம் ஆவணியில் புற்றரையாகும். வன்னித் தமிழர் அலைகரை என வழங்கும் இந்நிலத்தைச் சிங்கள மக்கள் வெவ் தாவுல்ல என்பர். நீர் வற்றும்போது அங்கே மாடு மேயும். நீர் ஏறும்போது மீன் மேயும். இவ்வாறு நகரும் நிலத்துக்கு வேலியிடுதல் எங்ஙனம்? பொதுவுடைமை என்பது இங்கு ஒரு கொள்கையாக அன்றி, நிலத்தின் இயல்போடு ஒத்துப்போன நடைமுறையாகவே பிறந்தது என்பது எனது கருத்து. கடும் வரட்சியில் குளத்தில் எஞ்சிய நீர் எத்துணை வயலுக்குப் போதுமோ அத்துணை வயலை மட்டும் தெரிந்து, அதனைப் பங்காளர் யாவரும் தம்முள் பகிர்ந்து விதைக்கும் பெத்ம முறையும் இதே சிந்தையின் விளைவாகும்.

சிற்றூரிலிருந்து சிகிரியாவுக்கு வருவோமாயின், முற்றிலும் வேறான ஒரு நீர்க்கரையைக் காண்கிறோம். கி.பி. 5ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் ஆண்ட காசியப்பனின் இந்நகரம் ஓவியங்களாற் புகழ்பெற்றது. ஆயின் நகரமைப்பு மாணவன் ஓவியத்தைப் பின்னர்ப் பார்க்கலாம். முதலில் மேற்கு வாயிலிலிருந்து பாறையின் அடிவரை நேர்க்கோட்டில் நீளும் நீர்ப்பூங்காவையே பார்த்தல் வேண்டும். அகழியைக் கடந்து உட்சென்றதும், நடுவே ஒரு தீவும் அதனைச் சூழ்ந்து நான்கு தடாகங்களும். அதனையடுத்து ஆழமற்ற நீரோடைகளும், துளையிட்ட கற்றட்டுகளின் வழியே மேலெழும் நீர்த்தாரைகளும். பொறி எதுவுமின்றி, உயரவேறுபாட்டால் உண்டாகும் அமுக்கத்தை மட்டும் கொண்டு இயங்கும் இத்தாரைகளுட் சில மழைக்காலத்தில் இன்றும் நீரைச் சொரிகின்றன. பாறைக்குத் தெற்கே மாபாகலைக் குன்றை நோக்கி நீண்ட அணையினால் சிகிரி மகாவாவி உருவாக்கப்பட்டது. இன்று அங்குள்ள குளம் அதன் எச்சமே. 1980களில் சேனக பண்டாரநாயக்கவின் தலைமையில் நடந்த கலாசார முக்கோண அகழாய்வுகள் இப்பூங்காவின் கணித ஒழுங்கையும், அதனருகே புதையுண்டிருந்த சிறு நீர்ப்பூங்காவையும் வெளிக்கொணர்ந்தன.

உலகின் பழைய பூங்கா வடிவமைப்புகளுள் இதற்கு ஒப்பானவை சிலவே. எனினும், அகழியும் மதிலும் சூழ்ந்த இந்நீர்க்கரை எவருக்காக அமைந்தது என்பதில் ஐயமில்லை. நீர் ஊருக்குப் பொதுவாயிருக்க, நீரின் அழகு ஒருவனுக்குரியதாயிற்று. காசியப்பன் இறந்தபின் அரசிருக்கை அனுராதபுரத்திற்கு மீள, இவ்விடம் துறவியர் வாழும் இடமாயிற்று. அதன் பின்னரே பொதுமக்கள் இங்கே வரத்தொடங்கினர். கண்ணாடிச் சுவரிலே அவர்கள் எழுதிச்சென்ற பாடல்களுள் 685ஐப் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். அரசன் மூடிவைத்த பூங்கா, அவன் போனபின் நூற்றாண்டுக் கணக்காகக் குடிமக்களின் உலாவிடமாயிற்று என்பது சுவையான முரண். சுற்றுப்புறத்துக் கிராமங்களோ, அரசிருக்கை வந்ததற்கு முன்னரும் இருந்தன, போனபின்னரும் இருந்தன. சிகிரியா - தம்புள்ளைப் பகுதியில் 1988ஆம் ஆண்டு முதலாக நடைபெற்ற குடியிருப்புத் தொல்லியல் ஆய்வுகள் காசியப்பனுக்கு முற்பட்ட குடியிருப்புகளையும் இரும்புருக்கும் களங்களையும் இனங்கண்டன.

ஆயினும் பழங் குளக்கிராமத்தைப் பொற்காலமாக்கிக் காட்டுதல் ஆய்வாளனுக்கு அழகன்று. ஒரு கிராமம் பெரும்பாலும் ஒரே சாதிக்குரியதாயிருந்தது. பொதுவெளி என்பதும் அக்குலத்தாரின் பொதுவெளியே. அணையைப் பேணும் உழைப்பு இராசகாரியம் என்னும் கட்டாயத்தோடு பின்னியிருந்தது. தமிழகத்திலும் நிலை வேறன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரியைப் பேணுதற்கென ஏரிவாரியம் அமைத்ததையும், அதற்கு உறுப்பினரைக் குடவோலை முறையால் தெரிந்ததையும் கூறுகின்றன. நாம் மேடைதோறும் இதனைப் பெருமையோடு எடுத்துரைக்கிறோம். அவ்வுறுப்பினர் வரிசெலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேதப்பயிற்சியும் உடையவராயிருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். எனினும், இவ்வரம்புகளுக்குட்பட்டே யாயினும், நீர் விளிம்பு ஒருவரின் உடைமையாதல் கூடாது என்னும் உணர்வு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை மறுத்தல் இயலாது.

அவ்வுணர்வைச் சட்டத்தினால் வெட்டியது பத்தொன்பதாம் நூற்றாண்டு. 1832ஐ அடுத்து இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. மனித விடுதலை என்ற வகையில் அது போற்றத்தக்கதே. ஆயின் அணைக்கு மண்ணிடும் கூட்டுழைப்புக்கு மாற்று ஏற்பாடு எதுவும் உடன் செய்யப்படவில்லை. மாத்தளையில் உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றியவரும், 1831இல் சிகிரியாவைக் கண்டு எழுதியவருமான மேஜர் போர்ப்ஸ் போன்றோர் காடுமூடிய குளங்களையும் பாழ்பட்ட அணைகளையும் வியப்போடு பார்த்த காலம் அது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் குடியற்றதும் பயிரற்றதுமான நிலம் யாவும், மாறாக நிறுவப்படும்வரை முடிக்குரியதே எனக் கருதப்படும் என்றது. கண்டிய மாகாணங்களில் இடைவிட்டுச் செய்கைபண்ணப்படும் சேனை நிலங்களும், உரித்தைக் காட்ட இயலாவிடின், அவ்வாறே கொள்ளப்பட்டன.

இச்சட்டத்தின் கண்கொண்டு குளக்கிராமத்தைப் பாருங்கள். கஸ்கொம்மன காடு, பெரகன தரிசு, குளுவெவ பயிரற்றது, திஸ்பம்பே குடியற்றது. ஊரின் உயிர்நாடியான பட்டிகள் யாவும் ஒரே வரியில் முடிக்குரியனவாயின. எல்லோருக்கும் உரியது என்று ஊரார் கருதியதை எவருக்கும் உரியதன்று என்று சட்டம் வாசித்தது. இவ்விரு தொடர்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டிலேதான் கடந்த 180 ஆண்டுகளின் நீர்க்கரை வரலாறு முழுவதும் அடங்கியுள்ளது என நான் கருதுகிறேன். 1848இல் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்குப் புதிய வரிகள் உடனடிக் காரணம் என்பர். தம்புள்ளையிலே கொங்காலேகொட பண்டா மன்னனாக முடிசூடப்பட்டபோது அவனைச் சூழ்ந்து நின்ற மக்களின் மனத்தில் நிலம் பற்றிய மனக்குறை எத்துணை இருந்தது என்பது வரலாற்று மாணவர் மேலும் துருவ வேண்டிய பொருள்.

இதே காலத்தில் இதே வழியாகத்தான் தமிழகத்துத் தொழிலாளர் கண்டிச்சீமைக்கு நடந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, உலர்வலயக் காட்டினூடு தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளையை அடைந்த அம்மக்களுக்குக் குளக்கரை என்பது காட்சிக்குரியதன்று. அடுத்த நாள்வரை உயிரோடிருப்பதற்குரியது. பாழ்பட்ட குளங்களின் கலங்கிய நீர் வாந்திபேதிக்கு வழிகோலிற்று. வழியிலே வீழ்ந்தோர் பலர். எஞ்சியோர் சென்றடைந்த தோட்டத்து லயத்தில் ஒரு குடும்பத்துக்குப் பன்னிரண்டடிக்குப் பத்தடி அளவிலான ஓரறையே கிடைத்தது. நீரையும் குடியிருப்பையும் பற்றி எழுதுவோர் பலர் இவ்வறைகளைக் கடந்து சென்றுவிடுவதுண்டு. ஆயின் அங்கும் ஒரு நீர்க்கரை இருந்தது. மலையூற்றைக் குழாயாலோ மூங்கிலாலோ இறக்கிய பீலியின் அடியில், குளிப்பும் துவைப்பும் பேச்சும் சண்டையும் நிகழ்ந்த பீலிக்கரையே லயத்து மக்களின் பொதுவெளி. அந்நிலத்தின் ஓர் அங்குலமேனும் அவர்களுக்குரியதன்று. உரிமையின்றியும் பொதுவெளி உண்டாகலாம் என்பதற்கும், உரிமையற்ற பொதுவெளியை எவரும் எந்நாளும் பறித்துக்கொள்ளலாம் என்பதற்கும் அதுவே சான்று.

சுதந்திரத்திற்குப் பின் மாத்தளையின் நீர்வரைபடத்தை மாற்றியது மகாவலித் திட்டம். பொல்கொல்லையில் திசைதிருப்பப்பட்ட மகாவலி நீர் 1976 முதல் சுரங்கவழியாக உக்குவெலைக்கு வந்து, சுது கங்கை வழியே அம்பன் கங்கையைச் சேர்ந்து, போவத்தென்ன நீர்த்தேக்கத்தை அடைகிறது. இதனாற் பாதிக்கப்படவிருந்தவற்றுள் நாலந்தா கெடிகேயும் ஒன்று. பல்லவக் கலைப்பாணியைத் தழுவிய இக்கற்றளி வயல்களின் நடுவே நின்றது. சைவ வைணவக் கோயில் அமைப்பும் பௌத்த வழிபாடும் ஒன்றிய இதனைப் பற்றித் தமிழ் மாணவர் இன்னும் விரிவாக எழுதுதல் தகும். 1975இல் இது கல்கல்லாகக் கழற்றப்பட்டு, நீர்மட்டத்துக்கு மேலே அமைக்கப்பட்ட மேட்டில் 1980 அளவில் மீண்டும் கட்டப்பட்டது. இன்று முப்புறமும் நீர் தெரிய நிற்கும் அதன் தோற்றம் மிக அழகியது. அங்கு செல்வோர் பலர் அது தொன்றுதொட்டே நீர்க்கரையில் நின்றதென்று எண்ணிக்கொள்கின்றனர். கழற்றிய கட்டடத்தை அதே ஒழுங்கிற் பூட்டும் அறிவு நம்மிடம் இருந்தது என்பதற்கு அது சான்று. ஒரு கிராமத்தின் கஸ்கொம்மனையையும் திஸ்பம்பேயையும் அவ்வாறு எடுத்துப் பூட்டும் முயற்சி எங்கும் நடைபெற்றதாக நான் அறியேன்.

நீர்க்கரையின் அழகு சந்தைப்பொருளாகிய காலம் அடுத்து வந்தது. தம்புள்ளைக்கு அண்மையிலுள்ள கண்டலமைக் குளத்தின் மேல் ஒரு பெரு விடுதி அமைக்கும் முயற்சி 1990களின் தொடக்கத்தில் எழுந்தபோது, பிக்குமாரும் சூழலியலாளரும் ஊர்மக்களும் அதனை எதிர்த்தனர். குளநீர் மாசுறும், கழிவு கீழேயுள்ள குளங்களையும் வயல்களையும் சேரும், புனித நிலத்தின் அமைதி குலையும் என்பன அவர்தம் அச்சங்கள். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா (1919 - 2003) முதலிற் காட்டப்பட்ட சிகிரியாவுக்கண்மைய நிலத்தைத் தவிர்த்து இவ்விடத்தைத் தெரிந்தவர். 1994இல் திறக்கப்பட்ட அவ்விடுதி, நீரோரத்தே முன்னேறி நில்லாது, பின்னே செங்குத்தாக எழும் பாறையோடு ஒட்டி நீள்கிறது. மலையிலிருந்து இறங்கும் மழைநீர் தன் வழியே செல்லுமாறு கட்டடம் தூண்கள்மேல் உயர்த்தப்பட்டது. செடிகொடி படர்ந்து சுவரை மறைக்கிறது. கழிவுநீர் தூய்மையாக்கப்படுகிறது. சூழற்பேணலுக்கான சர்வதேசச் சான்றிதழையும் அது பெற்றது.

இவ்விடுதியைப் பற்றி ஒருபக்கச் சார்பின்றிக் கூறுதல் எளிதன்று. வீடு நீரைவிட்டு விலகி நிற்றல் வேண்டும், நீரின் வழியை மறித்தலாகாது என்னும் குளக்கிராமத்து விதிகள் இரண்டையும், அறிந்தோ அறியாமலோ, பாவா கைக்கொண்டார். எதிர்ப்புக் குரல்கள் எழாதிருந்தால் இத்துணை எச்சரிக்கை பேணப்பட்டிருக்குமா என்னும் ஐயமும் எனக்குண்டு. ஆயின் மூன்றாவது விதி ஒன்றிருந்தது: விளிம்பு ஊருக்குப் பொது என்பது. அறையின் சாளரத்தினூடு குளத்தைப் பார்ப்பவன் காசியப்பனின் இடத்திலேயே நிற்கிறான். நாட்கணக்கிற் கட்டணஞ் செலுத்துகிறான் என்பதே வேறுபாடு. 2001இல் முதற் சர்வதேசப் போட்டி நடந்த தம்புள்ளைக் கிரிக்கெட் மைதானமும் குளத்தை நோக்கியே அமைந்துள்ளது. நீர் தெரியும் இடத்துக்கு ஒரு விலை உண்டு என்பதை நாடு அறிந்துகொண்டுவிட்டது. அவ்விலை உயருந்தோறும் அங்கே மாடு மேய்ப்பவனின் உரிமை தேய்வது இயல்பே.

பெரு நகரங்கள் சிலவற்றுள் இதற்கு மாறான வழக்கும் உண்டு. 1836இல் சிக்காகோ நகரின் ஏரிக்கரை நிலத்தைப் பகுத்தோர், அதன் ஒரு பகுதி என்றும் கட்டடமற்ற பொதுநிலமாக இருக்கவேண்டும் என வரைபடத்திலேயே எழுதிவைத்தனர். பின்னர் அங்கே கட்டடம் எழுப்ப முயன்றவர்களுக்கெதிராக மொன்ற்கொமரி வார்ட் என்னும் வணிகர் இருபதாண்டளவு வழக்காடினார். அவ்வழக்குகளில் அவர் பெற்ற வெற்றியின் பயனே இன்று அங்கு யாவரும் உலாவும் பூங்கா. வரைபடத்தில் எழுதப்பட்ட ஒரு வரி எழுபதாண்டின் பின்னும் நீதிமன்றிலே நின்றது. நமது கிராமத்துப் பொதுவெளிக்கோ அத்தகைய எழுத்து எதுவும் இருக்கவில்லை. வழக்கமே அதன் ஆவணம். வழக்கத்தை அறிந்தோர் இடம்பெயரின் ஆவணமும் அழியும்.

மொரகஹகந்தையிலும் களு கங்கையிலும் அதுவே நிகழ்ந்தது. அம்பன் கங்கையை மறிக்கும் மொரகஹகந்தை அணை 1968இன் மகாவலிப் பெருந்திட்டத்திலேயே இடம்பெற்றிருந்தது. வேலை தொடங்கியதோ 2007இல். நீர்த்தேக்கம் நிறைந்தது 2018இல். இடைப்பட்ட நாற்பதாண்டுகளில் அப்பள்ளத்தாக்கு மக்கள் தம் நிலம் என்றோ ஒருநாள் நீருள் மூழ்கும் என்ற எண்ணத்தோடே மரம் நட்டனர், மணம் முடித்தனர், வீடு கட்டினர். ஏறத்தாழ 52 கோடி கனமீற்றர் நீரைக் கொள்ளும் இத்தேக்கத்தோடு, 25 கோடி கனமீற்றர் அளவினதான களு கங்கைத் தேக்கமும் இணைக்கப்பட்டது. (இக்களு கங்கை அம்பன் கங்கையின் கிளையாறு; களுத்துறையிற் கடலைச் சேர்வது வேறு.) இரண்டாலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. லக்கல - பல்லேகம என்னும் பழைய சிறுநகரம் நீர்த்தேக்கத்துக்கு இடங்கொடுத்தது. அதற்கு மாற்றாகப் புதிய லக்கல நகரம் சூழலுக்கிசைந்த பசுமை நகரம் என்னும் பெயரோடு வகுக்கப்பட்டு, 2018 அளவில் பயன்பாட்டுக்கு வந்தது. பாடசாலை, மருத்துவமனை, சந்தை, பேருந்து நிலையம் யாவும் ஒழுங்காக வகுக்கப்பட்ட இந்நகர், மாவட்டத்தின் வரலாற்றில் நீர்த்தேக்கத்தோடு சேர்த்துத் திட்டமிடப்பட்ட முதல் நகரங்களுள் ஒன்று என்ற வகையில் கவனத்துக்குரியது.

திட்டத்தின் தேவையை நான் மறுக்கவில்லை. வடக்கேயும் கிழக்கேயும் நீருக்காகக் காத்திருக்கும் வயல்கள் பல. புதிய வீடுகள் பழையவற்றினும் உறுதியானவை என்பதும் உண்மையே. ஆயின் நட்டஈட்டுக் கணக்கு எதனை அளக்கிறது என்று பார்த்தல் வேண்டும். உறுதி உள்ள காணி, அளக்கத்தக்க வீடு, எண்ணத்தக்க மரம் என்பன அதனுள் அடங்கும். உறுதியற்ற பொதுவெளி எந்தப் பத்தியிலும் இடம்பெறுவதில்லை. 1840இன் சட்டம் அதனை முடிக்குரியதாக்கியதன்பின், அரசு தன் நிலத்துக்குத் தானே நட்டஈடு கொடுக்குமா? எருமை கட்டிய நிலமும், பிரம்பும் மூலிகையும் எடுத்த ஆற்றோரமும், பிள்ளைகள் நீந்திய மடுவும் கணக்கில் ஒருபோதும் வரவில்லை.

புதிய தேக்கத்தின் விளிம்பும் பழைய குளத்தின் விளிம்பும் ஒன்றல்ல. சமநிலத்துக் குளத்தில் நீர் வற்றும்போது விரிந்த புற்றரை தோன்றும். மலைப்பள்ளத்தாக்கிலோ நீர் பல மீற்றர் ஆழம் இறங்கும். தோன்றுவது புல் முளைக்க நேரமற்ற சரிந்த சேறே. அங்கே மாடு இறங்குதலும் இடர், மனிதன் குளித்தலும் இடர். உயர் நீர்மட்டத்துக்கு மேலேயுள்ள பட்டி காப்புநிலமாக எல்லைக்கல் நாட்டி ஒதுக்கப்படுகிறது. மண்ணரிப்பைத் தடுக்க அது வேண்டியதே. கஸ்கொம்மனையின் இடத்தை நிரப்பவேண்டியதும் அதுவே. ஆயின் கஸ்கொம்மனைக்குக் காவலர் ஊரார். இப்பட்டிக்குக் காவலர் ஓர் அலுவலகம். வீட்டு வாசலிலிருந்து நீர் தெரிகிறது. அதனிடம் செல்லும் வழி எது, எவர் எப்போது செல்லலாம், அங்கே எதனை நடலாம் என்பன வீட்டார் தீர்மானிக்கும் விடயங்களாக இல்லை.

இதனைத் திருத்தும் வழி மிகப் புதிதொன்றன்று. காப்புநிலத்தின் ஒரு பகுதியை, அதனைப் பேணும் பொறுப்போடு, அயலிலுள்ள குடியேற்றத்தாரிடம் கூட்டாக ஒப்படைக்கலாம். எந்த மரம், எந்தப் புல், எங்கே துறை, எங்கே மாட்டுவழி என்பதை அவர்களே வகுக்கட்டும். அவ்வகுப்பை நில அளவை வரைபடத்தில் எழுத்தாகப் பதிவு செய்யட்டும். மலையகத்துப் பீலிக்கரைகளுக்கும் இது பொருந்தும். லயத்துக்கு மாற்றாகத் தனிவீடு கட்டப்படும் இக்காலத்தில், வீட்டுக்கு உறுதி கொடுக்கும்போது, நீரெடுக்கும் துறைக்கும் அதற்குச் செல்லும் பாதைக்கும் சேர்த்து உறுதி எழுதப்படுகிறதா என்று கேட்டல் வேண்டும்.

லக்கலைப் பள்ளத்தாக்கில் எந்த ஓடையருகே எந்த நிலம் யாருக்குப் பொதுவாயிருந்தது, அதனை எம்மரத்தால் எல்லையிட்டனர், அதற்கு என்ன பெயர் வழங்கினர் என்பதை நேரிற் கண்டு பழகிய முதியோர் இன்னும் உள்ளனர். பேராதனையிலிருந்து அவர்களின் புதிய வீடுகளுக்கு ஒருநாளிற் சென்று திரும்பலாம். சிங்களம் அறிந்த தமிழ் மாணவர் இருவர், வரைபடம் வரையவல்ல புவியியல் மாணவர் ஒருவர், இரண்டு விடுமுறைகள் என்பன இதற்குப் போதும். நீரின்கீழ் உள்ள அந்நிலப்பகுப்பை இனி அளக்க இயலாது. கேட்டு எழுதவே இயலும்.